பீப்பாவும் மேனியும்: போர்க்காலக் கொழும்பின் காண்பியக் கலையில் மனித உடல்

1943இல் கொழும்பில் உருவான '43 குழு'வின் முதன்மை ஓவியர்களுள் ஒருவரான ஜோர்ஜ் கீற்றின் தூரிகையில், மனித உடல் இந்தியச் சிற்பங்களின் நெளிவையும் கியூபிசத்தின் வெட்டுமுகங்களையும் ஒருங்கே ஏற்று, இன்பத்தின் இருப்பிடமாகவே பெரிதும் நின்றது. 1990களின் இலங்கைக் கலை இந்நிலையிலிருந்து விலகியமைக்கு, 1992இல் ஓவியர் ஜகத் வீரசிங்க நடத்திய 'பதற்றம்' கண்காட்சி தொடக்கமாகச் சுட்டப்படுவதுண்டு. எனினும், உடலைச் சிதைத்து வரைந்தமையை விட, உடலை அழுத்திய பொருள்களையே அதற்குப் பதிலாக முன்வைத்தமையே அவ்விலகலின் ஆழமான கூறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கலைஞர் சந்திரகுப்த தேனுவர 1997இல் முன்வைத்த 'பரலிசம்' (பீப்பாவியம்) இதற்குத் தெளிவான சான்று. கொழும்பின் சோதனைச் சாவடிகளில் உருமறைப்பு வண்ணம் பூசி நிறுத்தப்பட்ட தகரப் பீப்பாக்களை அவர் அப்படியே கலைக்கூடத்துக்குள் கொணர்ந்து, பார்வையாளர் தாமே இடையில் நடந்து உணர வேண்டிய தாபனக் கலையாக, அதாவது இடத்தையும் பொருளையும் சேர்த்தமைக்கும் கலையாக ஆக்கினார். காட்டில் ஒளிவதற்கான வண்ணம் காலி வீதியில் எதையும் ஒளிப்பதில்லை. மாறாக, அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காகவே அங்கு இருந்தது. பீப்பாக்களுக்கிடையே ஒடுங்கி நடக்கப் பழகிய உடல் அக்கண்காட்சியில் வரையப்படவில்லை. பார்க்க வந்தவரே அதைக் கொண்டுவந்தார். 2004இல் பந்து மனம்பேரி, தம் உடலையே கட்டுத்துணியால் சுற்றிப் 'பீப்பா மனிதனாக' நிகழ்த்திய ஆற்றுகையில், தடுப்பும் காயமும் ஒரே மேனியாயின. அனோலி பெரேராவின் 2010–11 ஒளிப்படங்களில் முகத்தை மூடும் கூந்தலும், பெண்ணுடலைப் பார்ப்பவருக்கு எதிரான இவ்வகைத் தடுப்பே.

ஆயினும் பீப்பா எல்லோரையும் ஒரே விதமாக நிறுத்தவில்லை. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பொலிஸ் பதிவுத் துண்டுடன் திரிந்த தமிழருக்கு அது நகரத்தின் அவலட்சணம் மட்டுமன்று. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டபோது, அது எதற்கு முன்னறிவிப்பாக இருந்தது என்பது வெளிப்பட்டது. பரலிசத்தை இராணுவமயமாதலின் பொதுக் குறியீடாக மட்டும் வாசிக்கும் விமர்சனம் இவ்வேறுபாட்டைக் கழுவிவிடுகிறது.

ஓவியர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' (2011) இக்குறையை நிரப்புகிறது. தோம்பு என்பது குடியேற்ற ஆட்சிக்காலக் காணிப் பதிவேடு. அதன் வடிவை எடுத்துக்கொண்ட இந்நூலில், இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் இழந்த வீடுகளின் தளப்படங்களை நினைவிலிருந்து வரைய, அவற்றுடன் கட்டடக்கலை வரைபடங்களும் ஓவியரின் சித்திரங்களும் இணைகின்றன. இங்கு மனித உருவம் தேவைப்படவில்லை. அறையின் அளவையும் கிணற்றின் திசையையும் அளவுகோலின்றி நினைவுகூர்வது அங்கு வாழ்ந்த உடலே. ஆகவே கோடு பிசகும் இடங்களைப் பிழையெனத் திருத்தாமல், அவ்வுடலின் சாட்சியமாகவே வாசிக்க வேண்டும்.