எலும்புக்குள் இருந்த சேதி: 1965 முதல் இன்றுவரை

ஆதிச்சநல்லூர் பற்றிப் படிக்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தாழியில் கிடைக்கும் பழைய எலும்பில் பெரும்பாலும் சுண்ணச்சத்துதான் மிஞ்சும். புரதம் மக்கிப் போயிருக்கும். 1965-ல் லாஸ் ஏஞ்சலிஸில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர் செய்தது இதற்கு நேர்மாறான வேலை. எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச்சத்தை நீக்கினார். மிச்சமிருந்த புரதப் பகுதியை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்பே இருக்கக்கூடாத அந்த இடத்தில் புது எலும்பு முளைத்தது! வைத்த துண்டில் உயிருள்ள செல் கிடையாது. எலும்பைக் கட்டியது அந்த விலங்கின் சொந்தச் செல்கள்தான். அப்படியென்றால் அவற்றுக்கு உத்தரவு கொடுத்தது எது?

(அதே 1965-ல்தான் நம்ம பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியது. தொடர்பு எதுவும் இல்லை, ஆண்டை நினைவில் வைக்க உதவும்.)

விடை தேடியதில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர் ஏ. ஹரி ரெட்டி. 1981-ல் அவரும் டி.கே. சம்பத்தும் வெளியிட்ட சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. சுண்ணச்சத்து நீக்கிய எலும்புத் தூளிலிருந்து, கரையக்கூடிய புரதங்களை ஒரு ரசாயனக் கரைசலால் பிரித்தெடுத்தார்கள். சக்கையைத் தனியாக வைத்தால் எலும்பு வரவில்லை. சாற்றைத் தனியாக வைத்தாலும் வரவில்லை. இரண்டையும் மறுபடி சேர்த்தால் வந்தது. எங்கள் துறையில் பிழை தேடுவதும் இப்படித்தான்: பாகம் பாகமாகக் கழற்று, திரும்ப மாட்டு, எது இல்லாமல் நிற்கிறது என்று பார்.

சாற்றில் இருந்தது வளர்ச்சிக் காரணி, அதாவது பி.எம்.பி. சக்கை அதைத் தாங்கும் சாரம். 1988-ல் இதன் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகத்திலேயே புரதம் தயாரிக்க வழி பிறந்தது. 2002-ல் முதுகெலும்பு அறுவைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தப் பொருளும் கொலாஜன் பஞ்சில் நனைத்த புரதம்தான். 1981-ன் சாறும் சக்கையும் அப்படியே!

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? வழக்கமான முறையில், கூடாத எலும்புக்கு நோயாளியின் இடுப்பிலிருந்தே எலும்பு எடுத்து வைப்பார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு அப்படிச் செய்தபோது, "காலு பரவாயில்லடே, இடுப்புதான் உயிர் போகுது" என்றார். எடுக்கிற இடத்திலும் ஒரு காயம். எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சம்தான்.

ஆனால் கதை இங்கே சுபமாக முடியவில்லை. இயற்கையில் துளியினும் துளியாக இருக்கும் புரதத்தை மில்லிகிராம் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. கழுத்து அறுவையில் பயன்படுத்தியபோது வீக்கம் வந்து மூச்சுக்கே ஆபத்தானதால், 2008-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. 2011-ல் முதுகெலும்பு மருத்துவ இதழ் ஒன்று, ஆரம்ப ஆய்வுகள் பக்கவிளைவுகளைக் குறைத்துக் காட்டியதாக விமர்சித்தது. விலையும் அதிகம்.

அதனால்தான் இன்றும் இடுப்பெலும்புக்கு மவுசு குறையவில்லை. அதில் செல், சேதி, சாரம் மூன்றும் சேர்ந்தே இருக்கிறது. சேதி எது என்று கண்டுபிடித்தாயிற்று. எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்று உடம்பு போடும் கணக்குதான் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.