கொங்கண் கரையோரக் கப்பற் பயணம்

இன்று மும்பை எனப்படும் பம்பாய்த் துறைமுகத்தினின்று புறப்பட்டு, சஹ்யாத்ரி மலைத்தொடரை இடப்பக்கத்திலும் அரபிக் கடலை வலப்பக்கத்திலும் கொண்டு, ஹர்ணை, இரத்தினகிரி, மால்வண், வேங்குர்லா வழியாகக் கோவாவின் பணஜி வரை சென்ற நீராவிக் கப்பல் யாத்திரை இது. இக்காலத்தில் உல்லாசப் பிரயாணமாக விலைபோகும் இக்கடற்காட்சியை, ஆலைகளில் உழைத்து ஊர் திரும்பிய கொங்கணத் தொழிலாளர், மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளின்மேல் சாய்ந்தபடி, தனிக் கட்டணம் ஏதுமின்றி அநுபவித்தார்கள் என்பதை முதலிற் சொல்லிவிடுவது நியாயம்.

பாவு என்று அழைக்கப்பெற்ற லட்சுமண் ஹரிசந்திர அஜிங்கியா 1841-இல் கட்டிய 'பாவுச்சா தக்கா' என்னும் துறைமேடை, இப்பயணத்துக்கு வாயிலாயிற்று. ஷெப்பர்டு கம்பெனியாரும், பின்னர் பம்பாய் ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியாரும் விட்ட கப்பல்களை மராத்தியர் 'ஆக்போட்' என்றனர். பல ஊர்களில் கப்பல் கரையை அணுகாது கடலிலேயே நங்கூரமிட, படகுகள் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அலை படகை மேலே தூக்கும் க்ஷணத்தில் ஏணியினின்று கால்வைத்து இறங்க வேண்டும். தகரப் பெட்டியும் கைக்குழந்தையும் பின்னால் கைமாறி வரும். கடலின் நடுவே நிற்கும் ஜஞ்சிரா, ஹர்ணைக்கு எதிரேயுள்ள சுவர்ணதுர்க்கம், 1664-இல் சிவாஜி கட்டத் தொடங்கிய சிந்துதுர்க்கம் ஆகிய கோட்டைகள் இவ்வழியின் சிறப்பு.

இவ்வழியின் கால அட்டவணையை வகுத்தது தென்மேற்குப் பருவக்காற்றே. தென்துருவக் கடலில் நவம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள கோடைக்குப் பிறகு பனிக்கட்டி வழியடைப்பது போல, இங்கே ஜூன் பிறந்ததும் பேரலைகள் எழுந்து கழிமுகத்து மணல்திட்டுகளின்மேல் உடைய, நெடுவழிச் சேவை நின்றுவிடும். ஆவணிப் பௌர்ணமியில் தாராவி கோளிவாடா முதலிய குப்பங்களின் மீனவர் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பிக்கும் நாரளி பூர்ணிமா, கடல் மீண்டும் திறப்பதற்கு அடையாளம்.

எனினும் துறைமுகத்துக்கு எதிர்க்கரையான ரேவஸுக்குச் சென்ற குறுகிய சேவை மழைக்காலத்திலும் நடந்தது. 1947 ஜூலை 17 அன்று, சுதந்திரத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, ஆடி அமாவாசைக்கு ஊர் போகும் கூட்டத்தை ஏற்றிச் சென்ற 'ராமதாஸ்' கப்பல் பேரலையிற் சாய்ந்து கவிழ்ந்தது. 600 பேருக்கு மேல் மாண்டனர். கம்பியில்லாத் தந்திக் கருவி அதில் இல்லாமையால் நகரத்தார் விஷயம் அறியவே வெகுநேரமாயிற்று. பிழைத்தவரிற் பலரை மீட்டவர்கள் மீனவர்களே. கடலறிந்தவன் தயங்கும் நாளில் கூட்டத்தின் அவசரத்துக்கு இணங்கிக் கப்பலை விடுவது துணிவாகாது. ஒப்புநோக்கினால், லிண்ட்பிளாட் என்னும் பயண ஏற்பாட்டாளர் 1966-இல் தொடங்கிய அண்டார்டிக் உல்லாச யாத்திரைக்காகப் பின்னர் கட்டப்பெற்ற 'எக்ஸ்புளோரர்', 2007 நவம்பரில் பனியில் மோதி மூழ்கியபோது, அதிலிருந்த 154 பேரும் உயிர்தப்பினர். அபாயச் செய்தி உடனே எட்டிய காலம் அது.

பிற்காலத்தில் மொகல் லைன் நிறுவனத்தின் 'கொங்கண் சக்தி', 'கொங்கண் சேவக்' என்னும் கப்பல்கள் கோவா வரை ஓடின. 1998-இல் கொங்கண் ரயில் பாதை முழுதும் திறக்கப்பட்டபின் அன்றாடப் பயணிக்குக் கடல்வழி அநாவசியமாயிற்று. மும்பையின் மாதுங்காவிலோ செம்பூரிலோ இருக்கும் தமிழர் கோவா செல்லக் கப்பலை நினைப்பதேயில்லை. 2018 அக்டோபரில் 'ஆங்கிரியா' என்னும் உல்லாசக் கப்பல் கோவாவுக்கு ஓடத் தொடங்கிச் சில பருவங்களுக்குப்பின் நின்றுபோயிற்று. 2021 செப்டம்பரில் 'கார்டீலியா' நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் வந்தது. 2020 மார்ச்சில் பாவுச்சா தக்காவினின்று எதிர்க்கரையிலுள்ள மாண்டுவாவுக்குக் கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு தொடங்கியது. அது மழைமாதங்களிலும் ஓடுகிறது, கடல் மிகக் கொந்தளிக்கும் நாட்களில் நிறுத்தப்படுகிறது.