பூப்-ஊப்-அ-டூப் யாருடைய சொத்து?

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த புதிதில், பள்ளி விட்டு வந்ததும் கார்ட்டூன் முன்னால் உட்காருகிற பையன்களில் நானும் ஒருவன். அதில் பக்ஸ் பன்னி முயல் ஒரு விஞ்ஞானியின் கோட்டையில் மாட்டிக்கொள்ளும் படம் ஒன்று உண்டு. விஞ்ஞானிக்கு முட்டைக்கண், தூக்கம் கலையாத பார்வை, குழைந்து குழைந்து பேசும் குரல். அவர் மாதிரி பேசிக் காட்டி வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைப்பேன்.

பல வருஷம் கழித்து, ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' (1931) என்ற ஜெர்மன் படத்தைப் பார்த்தேன். குழந்தைகளைக் கொல்பவன் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைக் கோணிப் பார்க்கிற காட்சி. பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்க வேண்டிய இடம். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. "அட, நம்ம கோட்டை விஞ்ஞானி!"

அந்த நடிகர் பீட்டர் லோரி. 1946-ல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'ஹேர்-ரெய்சிங் ஹேர்' அவரைத்தான் கேலி செய்திருக்கிறது. நான் கேலியை முதலில் பார்த்துவிட்டு ஆளைப் பிறகு பார்த்ததால், அசல் எனக்கு நகலாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எடுத்துவந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குறும்படங்களைக் குழந்தைகளுக்காக மட்டும் எடுக்கவில்லை. தியேட்டரில் முழுநீளப் படத்தோடு சேர்த்துப் போடப்பட்டவை அவை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு கார்போ யார், கேபிள் யார் என்று நன்றாகத் தெரியும். 1933-ல் டிஸ்னி 'மிக்கீஸ் காலா பிரீமியர்' எடுத்தபோது, மிக்கி மவுஸின் படத்தைப் பார்க்க ஹாலிவுட்டே திரண்டு வருகிறது. கிரேட்டா கார்போ ஓடிவந்து முத்தமாரி பொழிகிறார். விழித்துப் பார்த்தால் எல்லாம் கனவு, முகத்தை நக்கிக்கொண்டிருப்பது புளூட்டோ நாய். டெக்ஸ் ஏவரியின் 'ஹாலிவுட் ஸ்டெப்ஸ் அவுட்' (1941) படத்தில் அதே கார்போவுக்குப் படகு மாதிரி பாதங்கள்.

இதில் வியாபாரமும் இருந்தது. 'ஸ்லிக் ஹேர்' (1947) படத்தில் ஹம்ப்ரி போகார்ட் ஓட்டலுக்கு வந்து முயல் வறுவல் கேட்டு மிரட்டுகிறார். போகார்ட் வார்னர் கம்பெனியின் நட்சத்திரம், கார்ட்டூனும் வார்னருடையது. கேலிக்குக் கேலி, விளம்பரத்துக்கு விளம்பரம். அதிலும் போகார்டுக்கு நஷ்டம் என்ன? கார்ட்டூனில் சிரித்த ஜனம் அடுத்த வாரம் அவரைத்தானே பார்க்க வரும்.

ஆனால் எல்லாரும் போகார்ட் இல்லை. ஹெலன் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பெண் மாதிரி கொஞ்சும் குரலில் பாடி, நடுநடுவே "பூப்-பூப்-அ-டூப்" என்று அர்த்தமில்லாத ஒலிகளைச் சேர்ப்பது அவர் பாணி. 1928-ல் நியூயார்க் மேடையில் அவர் பாடிய ஒரு பாட்டு அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. 1930 ஆகஸ்டில் ஃப்ளைஷர் ஸ்டூடியோவின் 'டிஸ்ஸி டிஷஸ்' படத்தில், நாய்க்காதோடு ஒரு பாடகி வந்தாள். வட்ட முகம், பெரிய கண், நெற்றியில் சுருள் முடி, அதே பூப்-பூப். கொஞ்ச நாளில் நாய்க்காதுகள் வளையத் தோடுகளாக மாறின. பெட்டி பூப் முழுப் பெண்ணானாள்.

அவளுக்குக் குரல் கொடுத்தவர்களில் புகழ்பெற்றவர் மே குவெஸ்டல். ஹெலன் கேனை மாதிரியே பாடுவது யார் என்று நடந்த போட்டியில் ஜெயித்தவர்! இதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

1932-ல் கேன் வழக்குப் போட்டார். மேக்ஸ் ஃப்ளைஷர்மீதும் படங்களை வெளியிட்ட பாரமவுண்ட்மீதும், இரண்டரை லட்சம் டாலர் கேட்டு. 1934 வசந்தத்தில் நியூயார்க்கில் விசாரணை. ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும். நீதிமன்றத்திலேயே கார்ட்டூன்களைப் போட்டுப் பார்த்தார்கள். பெட்டிக்குக் குரல் கொடுத்த பெண்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள்.

வழக்கைத் திருப்பியது வேறொரு பெயர்: பேபி எஸ்தர். பெயருக்கேற்ப சிறுமி, கறுப்பினப் பாடகி. அவருடைய மேனேஜராக இருந்த லூ போல்டன், எஸ்தர் இப்படி ஒலிகளைச் சேர்த்துப் பாடுவதை 1928-ல் கேன் கிளப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்று சாட்சி சொன்னார். எஸ்தரைப் பதிவு செய்த ஒரு பேசும்பட ஒத்திகைத் துண்டையும் காட்டினார்கள். கேனுக்கு முன்பே இந்தப் பாணி இருந்தது என்றால், அது அவர் சொத்து ஆகாது இல்லையா? போதிய ஆதாரம் இல்லையென்று அந்த மே மாதத்தில் நீதிபதி வழக்கைத் தள்ளினார்.

இணையத்தில் 'பெட்டி பூப்பின் அசல் பேபி எஸ்தர்தான்' என்று படம் போட்டுச் சுற்றவிடுகிறார்கள். வழக்கு அப்படிச் சொல்லவில்லை. பெட்டியை முதலில் வரைந்த கிரிம் நாட்விக், ஹெலன் கேனின் படத்தைப் பார்த்துத்தான் வரைந்ததாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆக, கோர்ட்டில் தோற்ற கேன் சொன்னது உண்மைதான். எஸ்தரிடமிருந்து கேன் எடுத்தார் என்பதற்கு எதிர்த்தரப்பு கொண்டுவந்த சாட்சி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் இன்னும் கசப்பானது. தன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் அழுகிறார். அவரைத் தோற்கடிக்க, அவருக்கும் கீழே இருந்த ஒரு சிறுமியின் பெயரைக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சிறுமி சாட்சிக் கூண்டில்கூட ஏறவில்லை. காரியம் முடிந்ததும் அவரை யாரும் கேட்கவில்லை. ஜெயித்தது ஸ்டூடியோ.

கறுப்பினக் கலைஞர்கள் இந்தப் படங்களில் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளை நட்சத்திரம் என்றால் அவருக்கே உரிய மூக்கையோ நடையையோ பெரிதாக்குவார்கள். 'கிளீன் பாஸ்சர்ஸ்' (1937) படத்தில் ஃபேட்ஸ் வாலர், கேப் காலோவே, லூயி ஆம்ஸ்ட்ராங் எல்லாரும் வருகிறார்கள். இசையில் மூவரும் மூன்று ஆள். முகத்தில் மட்டும் எல்லாருக்கும் கரிபூசிய மேடை நாடகங்களிலிருந்து வந்த அதே தடித்த உதடு. ஆளைக் கேலி செய்தால் அந்த ஆளைத் தெரிந்தாக வேண்டும். இனத்தைக் கேலி செய்ய எதுவும் தெரிய வேண்டியதில்லை. 1968-ல் டிவி ஒளிபரப்பிலிருந்து ஒதுக்கப்பட்ட பதினொரு வார்னர் கார்ட்டூன்களில் இதுவும் ஒன்று.

இதெல்லாம் படித்தபின் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. அசல் ஆளைத் தெரிந்தவனுக்கு மட்டும் சிரிப்பு வரும் வரை அது நையாண்டி. அசலே தேவையில்லை, நகல் தன் காலில் நிற்கும், சம்பாதிக்கும் என்ற நிலை வந்தால் அதற்குப் பெயர் வேறு. போகார்டுக்கு நடந்தது முதலாவது. கேனுக்கு நடந்தது இரண்டாவது.

குரலைப் போலிசெய்வது பற்றி அமெரிக்கச் சட்டம் பின்னாளில் கொஞ்சம் இறங்கிவந்தது. கார் விளம்பரத்துக்குப் பாட மறுத்த பெட் மிட்லரின் குரலை, அவருக்குப் பின்பாட்டுப் பாடியவரை வைத்தே போலிசெய்தார்கள். அது தவறு என்று 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஹெலன் கேன் 1966-லேயே இறந்துவிட்டார். இன்று யார் குரலையும் கம்ப்யூட்டர் பேசிக்காட்டுகிறது. இந்தப் பழைய வழக்கை இன்னொரு முறை படிக்கச் சரியான நேரம்தான்.

'எம்' படத்தைப் போன மாதம் மறுபடி பார்த்தேன். கடைசியில், தன்னால் தன்னையே அடக்க முடியவில்லை என்று லோரி கதறும் இடம் வரை போனேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அந்தக் கோட்டை விஞ்ஞானியை மனதிலிருந்து இறக்கிவைக்க எனக்கு மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்தது. பெட்டி பூப் படம் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பெண்களைப் பார்க்கும்போது, ஹெலன் கேனை ஒரு தடவையாவது கேளுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.