கழற்றி மாட்டும் இரும்பு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது வெர்மான்ட் மாநிலம். அங்கே மோட்டார் கார் வருவதற்கு முந்தைய குளிர்காலங்களில், ஊர் நிர்வாகம் சிலரைக் கூலிக்கு அமர்த்திப் பாலத்தின் மீது பனியை வாரிக் கொட்டச் சொல்லும். மரக்கூரை வேய்ந்த பாலங்களுக்குள் பனி விழாது; வெறும் பலகையின் மேல் சறுக்குவண்டி நகராது. அதனால் பாலத்துக்கும் பனி விரிப்பு தேவைப்பட்டது. சாலையில் விழுந்த பனியையும் யாரும் அப்புறப்படுத்தவில்லை. ஆளுயர மர உருளைகளைக் குதிரைகள் இழுத்துச் சென்று பனியை அழுத்திக் கெட்டியாக்கின. அந்த வழவழப்பில்தான் விறகும் பாலும் தபாலும் போயின. குதிரை வழுக்காமல் இருக்கக் குளிர்காலத்தில் அதன் லாடத்தில் கூரிய முனைகளைக் கொல்லர் பொருத்திவிடுவார். பிடிமானத்துக்கு இரும்பு, அதுவும் தேவைப்படும் பருவத்துக்கு மட்டும் என்ற ஏற்பாடு அந்த லாடத்திலேயே இருந்தது.

காற்றடைத்த ரப்பர் டயர் வந்ததும் கணக்கு மாறியது. அழுந்திய பனியில் சறுக்குவண்டி ஓடும்; கார் ஓடாது. ஆரம்பகாலக் கார்க்காரர்கள் சேற்றிலும் பனியிலும் சிக்கினால் சக்கரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், கையில் கிடைத்த கொடியையும் சுற்றினார்கள். இதைக் கண்டுதான் ஹாரி வீட் என்பவருக்கு யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டாவைச் சேர்ந்தவர் அவர். ஒண்டாரியோ ஏரியிலிருந்து வரும் ஈரக்காற்று பனியாகக் கொட்டும் வட்டாரம் அது. கயிறு அறுந்துவிடும், சங்கிலி அறாது. 1904 ஆகஸ்ட் 23 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. டயரின் இரு பக்கமும் ஓடும் இரண்டு நீளச் சங்கிலிகள், அவற்றை இணைத்து டயரின் முகத்தின் மேல் குறுக்கே கிடக்கும் துண்டுச் சங்கிலிகள். ஏணியைச் சக்கரத்தில் சுற்றியதுபோல இருக்கும் அந்த வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஹாரி பார்சன்ஸ் என்ற இன்னொரு ஹாரி இதே திசையில் முன்பே நடந்திருந்தார். அவருடைய அமெரிக்கக் காப்புரிமை 1903-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவர் பிடித்த நுட்பம் சின்னது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. சங்கிலியை டயரோடு இறுக்கிப் பூட்டாமல் சற்றே தளர விட்டால், ஓட ஓட அது டயரைச் சுற்றி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தில் உரசி ரப்பரை அறுக்காது. கேட்பதற்கு அற்ப விஷயம். ஆனால் அமெரிக்க நீதிமன்றங்களில் 1910-ஐ ஒட்டி நடந்த காப்புரிமை வழக்குகள் இந்த நகர்வைச் சுற்றியே வாதாடின. யாருடைய சங்கிலி நகர்கிறது, யாருடையது நகரவில்லை என்று வக்கீல்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள்.

டிராக்டருக்கு அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் சக்கரமே இரும்பு. 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சனின் பின்சக்கரங்கள் எஃகு வளையங்கள். அவற்றின் மேல் வரிசையாக இரும்புப் பற்கள். மண்ணையும் பனியையும் கடித்துக்கொண்டு போகும். தார்ச்சாலையையும் அப்படியே கடிக்கும் என்பதுதான் சிக்கல். சாலைகள் கெட்டிப்பட்ட 1920-களில் பற்சக்கர டிராக்டர்கள் அவற்றில் ஏறக் கூடாது என்று பல மாநிலங்கள் தடை போட்டன. வயலிலிருந்து எதிர்ப்புற வயலுக்குப் போக வேண்டிய விவசாயி, பற்களை மூடும் வழவழப்பான இரும்புப் பட்டையை ஆணி முடுக்கி மாட்ட வேண்டும், மறுபடி கழற்ற வேண்டும். சாலைக்காக இரும்பை மூடி வைத்த காலம் அது.

1932-இல் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் மாடல் யூ டிராக்டரில் ஃபயர்ஸ்டோன் டயர்களைப் பொருத்தி விஸ்கான்சின் மாநிலத்து வயலில் ஓட்டிப் பார்த்தது. விமானத்துக்கான டயர்கள் அவை. காற்றழுத்தம் மிகக் குறைவாக வைத்திருந்தார்கள். ரப்பர் சக்கரம் உழவில் வழுக்கும் என்று விவசாயிகள் சிரித்தார்கள். சிரிப்பை அடக்க நிறுவனம் எடுத்த வழி விளம்பரம். பந்தயக் கார் வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை 1933-இல் டாலஸ் நகரில் டிராக்டரில் உட்கார வைத்தார்கள்; மணிக்கு 64 மைலுக்கு மேல் ஓட்டினார். உழவுக்கும் அந்த வேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் டயர் விற்றது. எரிபொருள் மிச்சம், சாலையில் தடையின்றிப் போகலாம், ஓட்டுபவரின் இடுப்பு தப்பியது. போர்க்காலத்தில் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது 1942-இன் ஃபோர்டு 2என் டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு வெளிவந்தது. அது இடைக்காலத் திரும்பல் மட்டுமே.

இரும்பு போனதும் குளிர்காலம் தன் வேலையைக் காட்டியது. உழவு டயரின் சாய்வான ரப்பர்ப் பட்டைகள் சேற்றில் அருமையாகப் பிடிக்கும். இறுகிய பனியில் நிலைமை தலைகீழ். பட்டைகள் அகலமானவை, எண்ணிக்கையில் குறைந்தவை. பனிக்கட்டியைக் கீறக்கூடிய விளிம்பு அவற்றில் கொஞ்சம்தான். புல்தரைக்கான சின்னச் சின்னப் புடைப்புகள் கொண்ட டயர், இந்த முரட்டு டயரைவிடப் பனியில் நன்றாக நடந்துகொள்வது பலருக்கு வியப்பாக இருக்கும். எடை கூட்டுவது முதல் வைத்தியம். டயருக்குள் நீர் நிரப்பினார்கள். வெறும் நீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைத்தார்கள். நீர் உறையவில்லை, கசிந்த இடத்தில் சக்கரத்தின் எஃகு வளையம் துருப்பிடித்து உதிர்ந்தது. இரண்டாவது வைத்தியம் ஹாரி வீட் செய்த சங்கிலி. காரிலிருந்து டிராக்டருக்கு அது பெருத்த உருவில் ஏறியது.

சங்கிலிக்கு உண்மையான மவுசு வந்தது சிறு டிராக்டரால்தான். அந்த வண்டி பிறந்த இடம் பனிவயல் அல்ல, நெல்வயல்.

ஜப்பானின் நெல்வயல்கள் சிறியவை. அங்கே பெரிய அமெரிக்க டிராக்டர் திரும்பவே இடம் போதாது. சேற்றில் அமுங்கியும் போகும். ஒசாகாவின் குபோட்டா முதலிய நிறுவனங்கள் எடை குறைந்த, குட்டையான டிராக்டர்களை அந்தச் சேற்றுக்காகச் செய்தன. குபோட்டா தன் 21 குதிரைத்திறன் கொண்ட எல்200-ஐ 1969-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 1970-களில் வந்த பி6000 அதைவிடச் சிறியது. முன்சக்கரங்களுக்கும் இழுவை உண்டு. ஜப்பானியர் செய்ய, ஃபோர்டு 1973-இல் தன் பெயரைப் பொறித்து 1000 என்ற சிறு டிராக்டரை விற்றது. ஜான் டியர் அந்தப் பத்தாண்டின் கடைசியில் யன்மார் என்ற ஜப்பானிய நிறுவனத்திடம் செய்து வாங்கிய 850, 950 வகைகளைத் தன் பச்சை வண்ணத்தில் கடைக்கு அனுப்பியது. வாங்கியவர்களில் பலர் முழுநேர விவசாயிகள் அல்லர். நகரத்தில் வேலை, கிராமத்தில் சில ஏக்கர், வீட்டிலிருந்து பொதுச்சாலை வரை நீளும் சொந்தப் பாதை. கோடையில் புல் வெட்டவும் குளிர்காலத்தில் அந்தப் பாதையைத் துலக்கவும் ஒரே வண்டி வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் டக் ஹில் மேட்டுநிலத்தில் ஒரு பருவத்தில் 200 அங்குலத்துக்கு மேல் பனி விழுவது சகஜம். மண்வெட்டியோடு அங்கே குடித்தனம் நடத்த முடியாது.

தஞ்சைப் பக்கம் நடவுக்கு முன் சேறடிக்கும் டிராக்டரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். ரப்பர் டயர் சேற்றில் சுழன்று நிற்பதால் அதோடு சேர்த்துக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டுகிறார்கள். அதே கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை கிழிகிறது. அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள். ரப்பரின் குறையை இரும்பு தீர்ப்பதும் சாலை அதற்கு விலை கொடுப்பதும் தஞ்சையில் சேற்றில், அமெரிக்காவில் பனியில்.

சிறு டிராக்டரின் எடை சேற்றில் வரம், பனியில் சாபம். முன்னால் பக்கெட் நிறையப் பனியைத் தூக்கினால் பாரம் முழுதும் முன்சக்கரத்தில் இறங்கி, பின்சக்கரம் லேசாகிவிடும். பல சிறு டிராக்டர்களில் கால் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். சரிவில் இறங்கும்போது பின்சக்கரத்துக்குப் பிடி இல்லையென்றால் பிரேக்கை மிதித்தாலும் வண்டி சறுக்குப்பலகையாகிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் அனுபவசாலிகள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதல் ஜோடிச் சங்கிலி பின்சக்கரத்துக்கு. பின்னால் மூன்றுமுனை இணைப்பில் கல்லோ கான்கிரீட்டோ நிரப்பிய பாரப்பெட்டி. சரிவில் இறங்குமுன் நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் முன்சக்கரங்களும் பின்சக்கரத்தோடு சேர்ந்து வேகத்தைப் பிடிக்கும். காசு மிச்சம் என்று முன்சக்கரத்துக்கு மட்டும் சங்கிலி மாட்டுவது விபரீதம். முன்பக்கம் பிடித்து நிற்க, பிடியில்லாத பின்பக்கம் அரைவட்டம் அடிக்கும்.

சங்கிலியிலும் சாதி உண்டு. பக்கச் சங்கிலியின் நான்கு கண்ணிக்கு ஒன்றாகக் குறுக்குச் சங்கிலி வருவது மலிவானது. உழவு டயரில் அதைப் போட்டால் குறுக்குச் சங்கிலிகள் ரப்பர்ப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் போய் ஒளிந்துகொள்ளும். தரையைத் தொடாத இரும்பால் என்ன பயன்? இரண்டு கண்ணிக்கு ஒன்று வைத்தால் நெருக்கம் கூடும், விலையும் எடையும் கூடும். குறுக்குச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னி வைர வடிவ வலையாக்கினால் சங்கிலி பள்ளத்தில் விழாது. பக்கவாட்டில் வழுக்குவதையும் தடுக்கும். ஏணிச் சங்கிலி முன்னே பின்னே இழுக்கக் கெட்டி, பக்கச் சரிவில் பரிதாபம். நார்டிக் நாடுகளின் காடுகளில் மரம் இழுக்கும் வண்டிகளுக்கு வளையங்களைக் கோத்த கனத்த வகைகளைப் போடுகிறார்கள். வீட்டுப் பாதைக்கு அது யானைக்குப் போட வேண்டிய சங்கிலி.

மாட்டுவதில் பார்சன்ஸின் பழைய வாதம் மறுபடி தலைகாட்டுகிறது. மெல்ல நகரும் அளவு தளர்வு நல்லது, தொங்கும் தளர்வு ஆகாது. தொங்கும் சங்கிலி மட்கார்டை அடிக்கும், ஹைட்ராலிக் குழாயை அறுக்கும். முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது பக்கெட்டைத் தூக்கும் லோடரின் கையில் சிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே மாட்டியதும் கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்க வேண்டும். கொக்கிகளின் முனை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். உள்பக்கம் திரும்பியிருந்தால் டயரின் பக்கச்சுவரைக் குத்தும். உறைந்த விரல்களோடு இதையெல்லாம் செய்ய யாருக்கும் ஆசையில்லை. விவரமானவர்கள் முதல் பனிக்கு முன்பே மாட்டிவிடுகிறார்கள். அப்படி மாட்டியதைப் பனியில்லாத தார்ப்பாதையில் ஓட்டும்போது குறுக்குச் சங்கிலி தேய்கிறது, பாதையில் வெள்ளைக் கீறல் விழுகிறது. இதற்கு முழுத் தீர்வு இன்னும் வரவில்லை. டயரில் நேரடியாகத் திருகும் எஃகு முளைகளைச் சிலர் விரும்புகிறார்கள். அவையும் கீறத்தான் செய்கின்றன.

இந்தக் கீறலின் நியாயத்தை அயோவா மாநிலத்தில் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். மிட்செல் கவுன்டியில் வாழும் பழைய மரபு மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் விவசாயிகள் டிராக்டர் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் டயர் வைத்துக்கொள்ளக் கூடாது. டயர் இருந்தால் டிராக்டரைக் காரைப்போல ஊர் சுற்றப் பயன்படுத்துவார்கள் என்பது திருச்சபையின் கவலை. ஓல்ட்ஃபீல்டின் 64 மைலை நினைத்தால் அந்தக் கவலையில் பொருள் இல்லாமல் இல்லை. 2009-இல் கவுன்டி நிர்வாகம் புதிதாகப் போட்ட கெட்டிச் சாலைகளைக் காக்க எஃகுச் சக்கரங்களுக்குத் தடை விதித்தது. ஓர் இளைஞர் மீது வழக்கும் போட்டது. 2012 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை இவர்கள் மீது பிரயோகிப்பது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் சுட்டிய காரணங்களில் ஒன்று குளிர்காலத்தைச் சேர்ந்தது: அதே சாலைகளில் பள்ளிப் பேருந்துகள் பனிப்பிடிப்பு முளைகளோடு ஆண்டு முழுவதும் ஓட அனுமதி உண்டு. சாலையைக் கீறும் எல்லா இரும்பையும் விட்டுவிட்டு இவர்களுடைய இரும்பை மட்டும் தடுப்பது எப்படி என்று கேட்டது தீர்ப்பு. மென்னோனைட்டுகளும் சும்மா இருந்துவிடவில்லை. சாலைக்குச் சேதம் குறைய, எஃகுச் சக்கரத்தின் மேல் ரப்பர்ப் பட்டை சுற்றி, அதன் மேல் எஃகுக் கட்டைகளைப் பதித்திருந்தார்கள்.