கழற்ற முடியாத நகை

என் பாட்டியின் வலக்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை, பச்சை குத்தியிருந்தது. புள்ளி வைத்து இழை சுற்றிய கோலம் ஒன்று. அதன் அடியில் சிறிய உருவங்கள் இரண்டு. நான் நகரப் பள்ளியில் சேர்ந்த ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அவர் ஊரிலிருந்து வந்திருந்தார். உடன் படித்த பிள்ளைகளின் வீட்டுப் பெண்டிர் எவர் கையிலும் அப்படி ஒன்றைக் காணோம். "அப்பத்தா, முந்தானையால் கையை மூடிக்கொள்" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் பேசாமல் மூடிக்கொண்டார். விழா முடியும் வரையில் அந்தக் கை வெளியே வரவில்லை.

நேயர்களே, இந்தப் பொருளைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்கு வேறு காரணம் இல்லை. தோலின் மேல் இட்ட ஒரு குறி, அதை உடையவருக்கு அணியாகவும் பார்ப்பவருக்கு இழிவாகவும் எப்படி ஆகிறது என்று அறிய விரும்பினேன்.

வழக்கம் மிகப் பழையது. 1991-இல் ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுத்த மனிதனின் உடல் ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் பழமை வாய்ந்தது. அதில் 61 பச்சைக் குறிகளை ஆய்வாளர் எண்ணியிருக்கின்றனர். திரேசிய மக்களிடையே பச்சை குத்திக்கொள்வது உயர்குடிப் பிறப்பின் அடையாளம், இல்லாதவர் தாழ்ந்தவர் என்று எரோடோட்டசு எழுதுகிறார். அவருடைய கிரேக்கரோ, அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்குமே அதைக் குத்தினர். அக்குறிக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'ஸ்டிக்மா'. அச்சொல் இன்று ஆங்கிலத்தில் களங்கம் என்றே பொருள்படுகிறது. அண்டை நாட்டில் பெருமையாக இருந்தது, இங்கே பழியாயிற்று.

நம் நாட்டில் குறத்தியர் தெருத்தெருவாகச் சென்று பச்சை குத்தினர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதன் செய்முறையைக் குறித்து வைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, ஊசியால் குத்தி ஏற்றுவார்கள். மஞ்சள், அகத்தி, விளக்கு, தாய்ப்பால்: இவற்றில் எதுவும் இழிவான பொருள் அன்று. வீட்டின் மங்கலப் பொருள்களைக் கொண்டே அந்த அணியைச் செய்தார்கள்.

இதே ஊசியை அரசும் கையில் எடுத்தது. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1797-இல் ஒரு விதி வகுத்தனர். ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில், அவர் செய்த குற்றம் முதலிய விவரங்களைப் பச்சை குத்த வேண்டும் என்பது அவ்விதி. அக்குறியோடு பினாங்குக்கும் மொரீசியசுக்கும் கப்பலேறியவர் பலர். தலைப்பாகையை நெற்றிமேல் இறக்கிக் கட்டி அதை மறைத்தோரும் உண்டு. 1849-இல்தான் அந்தத் தண்டனை ஒழிந்தது. அத்தண்டனைக்கு வழங்கிய பெயர் 'கோத்னா'. வட நாட்டுப் பெண்கள் தம் கையிலும் காலிலும் ஆசையோடு குத்திக்கொண்ட அணிக்கும் அதுவே பெயர். தாயின் கையில் அழகாக இருந்த ஒன்று மகனின் நெற்றியில் தண்டனையாயிற்று. பெயரும் மாறவில்லை, ஊசியும் மாறவில்லை.

சப்பானின் கதையும் இத்தகையதே. அங்கே 1720 முதல் 1870 வரை குற்றவாளிகளுக்குக் கையில் குறியிடுவது சட்டப்படியான தண்டனை. அதே காலத்தில் எதோ நகரின் தீயணைப்போரும் சுமை தூக்குவோரும் முதுகு நிறையப் பூவும் நாகமும் எழுதிக்கொண்டு பெருமை கொண்டனர். 1872-இல் அரசு அந்த அலங்காரத்தையும் தடுத்தது. மேலை நாட்டார் நம்மை நாகரிகமற்றவர் என்று எண்ணுவரே என்ற கூச்சம் அதற்கு ஒரு காரணம். ஆனால் நடந்தது என்ன? 1881-இல் சப்பான் சென்ற ஆங்கில இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர், அந்நாட்டுக் கலைஞரைக் கொண்டே தம் கையில் ஒரு டிராகன் உருவத்தை எழுதிக்கொண்டார்! யாருடைய பார்வைக்கு அஞ்சி மறைத்தார்களோ, அவர்களே தேடி வந்தனர். தடை 1948-இல் நீங்கிற்று. ஆயினும் இன்றும் அங்கே பொது வெந்நீர்க் குளியல் இல்லங்கள் பல, பச்சை குத்தியவரை உள்ளே விடுவதில்லை.

இவற்றையெல்லாம் விடக் கொடியது அவுசுவிட்சு முகாம். நாசிகள் அங்கே கைதிகளின் இடக்கையில் எண்களைக் குத்தினர். உயிர் தப்பியவருள் சிலர் பின்னர் அந்த எண்ணை அகற்றினர்; சிலர் சட்டைக் கைக்குள் மறைத்தனர். இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லேவி 174517 என்ற தம் எண்ணை அழிக்கவே இல்லை. அண்மைக் காலத்தில் இசுரேலில் பேரப்பிள்ளைகள் சிலர், தாத்தா பாட்டியின் எண்ணைத் தம் கையிலும் தாமே விரும்பிக் குத்திக்கொண்டனர். அதைக் கண்டு நெகிழ்ந்தவரும் உண்டு. பகைவன் இட்ட குறியை நாமே இடுவதா என்று வெகுண்டவரும் உண்டு. இரு சாராரையும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. குறியில் பொருள் இல்லை. அதை இட்டவர் யார், யாருடைய இசைவோடு இட்டார் என்பதில்தான் பொருள் இருக்கிறது.

என் பாட்டி தம் இசைவோடு குத்திக்கொண்டவர். "சாகும்போது கழற்றி எடுத்துக்கொள்ள யாராலும் முடியாத நகை இது ஒன்றுதானடா" என்று அவர் சொன்னதுண்டு. அவருடைய தோட்டையும் மூக்குத்தியையும் குடும்பத்தின் கடன்கள் கொண்டுபோயின. பச்சை மட்டும் இறுதிவரை அவரோடு இருந்தது. அதை நான்தான் முந்தானைக்குள் புகுத்தினேன். அன்று தொட்டு என் எதிரில் அவர் அந்தக் கையை நீட்டியது குறைவு.

சென்ற ஆண்டு என் பேத்தி தன் கையில் பச்சை குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "இதென்ன கோலம்? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று என் வாய் முந்திக்கொண்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் குரல் இன்னும் என்னுள் சாகவில்லை என்று அப்போது உணர்ந்தேன்.

அவள் கோபிக்கவில்லை. "உங்கள் அப்பத்தா கையில் இருந்ததையே குத்திக்கொள்கிறேன், தாத்தா. வரைந்து காட்டுங்கள்" என்று தாளையும் எழுதுகோலையும் கொண்டுவந்து வைத்தாள்.

கோலத்தை ஒருவாறு வரைந்தேன். அடியில் இருந்த உருவங்கள் இரண்டும் மீனா, தேளா, பறவையா? எனக்குத் தெரியவில்லை. நான் அவற்றைச் சரியாகப் பார்த்ததே இல்லை.