கடிதக் கம்பி

அடியில் வட்டக் கட்டையும் நுனியில் கூர்மையுமாக ரேழிச் சுவரின் ஆணியில் தொங்கி, 1879-இல் வந்த கால் அணா கார்டையும் 1950-இல் வந்த நீல இன்லண்டையும் ஒரே பொறுமையோடு நெஞ்சில் வாங்கி, வந்த வரிசை மாறாமல் காத்துத் தந்த கடிதக் கம்பி நம் வீடுகளைவிட்டுப் போய்விட்டது. சாவுச் செய்திக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுவோம் என்பதால் மரணம் அதில் ஏறியதில்லை. நோய் ஏறியது.

நோயின் பெயரை யாரும் எழுதியதில்லை. 'தம்பிக்கு மனசு ஒரு நிலையில் இல்லை' என்றும், 'குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்குகிறோம்' என்றும், 'பட்டணத்துக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறோம்' என்றும் எழுதினார்கள்; 1871 முதல் மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரை எழுத மட்டும் கை வரவில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு, பாவம், வேறென்ன செய்யும்? பெண் பார்க்க வரும் நாளில் கம்பியைக் கழற்றி உள்ளறையில் வைப்பார்கள். ஆனால் அடியிலிருக்கும் ஒரு தாளை எடுக்க மேலுள்ள அத்தனையையும் உருவ வேண்டும். அந்தச் சிரமமே பல உண்மைகளைக் காப்பாற்றியது.

எங்கள் கம்பியில் சின்னத் தாத்தா இருந்தார். சில மாதங்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று கார்டு, ஓரங்களிலும் முகவரிப் பக்கத்திலும் நெருக்கி எழுதிய வரிகள், ஆலை தொடங்கும் திட்டம், தூங்கவே தேவையில்லை என்ற பெருமிதம். பிறகு ஒரு வருடம் ஒரு வரியும் இல்லை. மறுபடி அதே வேகம், மறுபடி அதே மௌனம். அவருடன் பிறந்தவர்கள் மழையையும் நெல் விலையையும் பற்றிக் கடைசிவரை நிதானமாக எழுதியவையும் அதே கம்பியில்தான் இருந்தன.

வீட்டுக்குத் தொலைபேசி வந்தது, கம்பி மெலிந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது அது பழைய இரும்போடு போக, தாள்களை மட்டும் பாட்டி டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

கல்லூரியில் படித்த அண்ணன் மகன் எழுந்திருக்கவே மனமில்லாமல் படுத்துவிட்டபோது, 'குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா?' என்று மருத்துவர் கேட்டார். நடுவில் துளை விழுந்த அந்தக் கார்டுகளைத் தேதிவாரியாக மேசையில் அடுக்கினோம். வெறும் மனச்சோர்வு என்று கொடுக்கும் மருந்து, இருமுனைக் கோளாறு உள்ளவரைச் சில சமயம் எதிர்ப்பக்கமாக, கட்டுக்கடங்காத எழுச்சிக்குத் தள்ளிவிடும். மருத்துவர் நேரம் எடுத்துப் படித்து, அவனிடமும் இன்னும் பல கேள்விகள் கேட்டு, சிகிச்சையை மாற்றினார். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் பயனை எடுத்துக்காட்டிய லித்தியம் சின்னத் தாத்தாவை எட்டவேயில்லை, கொள்ளுப்பேரனுக்குக் கிடைத்தது.

அவன் நோயைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் தொலைபேசியில். எதுவும் எழுத்தில் இல்லை. இப்போது அண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டில், அவன் தூங்கிய நேரத்தையும் மாத்திரையின் அளவையும் அவனுக்குத் தெரிய, தேதியிட்டு எழுதிவருகிறார்.