மொத்தக் கொள்வனவும் சில்லறை வாழ்க்கையும்

வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கினால் மிச்சம் உண்டு என்பது நம் குடும்பங்களிலே கேள்விக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்ட நம்பிக்கையாகும். அறுவடை நாளில் நெல்லை வாங்கிக் கொம்பறையில் நிறைப்பதும், விலை இறங்கிய வேளையில் செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் ஆண்டுக்குப் போதுமாகக் கட்டி வைப்பதும் நல்ல குடித்தனத்தின் அடையாளம் என நம் முன்னோர் கருதினர். அன்றாடம் கடைக்கு ஓடுபவர் முன்யோசனையற்றவர் என்னும் ஏளனமும் இந்நம்பிக்கையை ஒட்டியே வளர்ந்தது. இது எவ்வளவு தூரம் மெய்? மெய்யாயின், யாருக்கு மெய்? இவ்வினாக்களுக்கு விடையை அடுக்களைக் கணக்கில் மட்டும் தேடினாற் போதாது; சரித்திரத்திலும் தேடுதல் வேண்டும்.

இவ்வினா நம் மனத்தில் எழுந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியிலே அகப்பட்டிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 வீதம் ஏறியிருந்தன. எமது பாடசாலை ஆசிரியர் பத்துப் பேர் பணம் சேர்த்து, நகரத்து மொத்தக் கடையிலிருந்து அரிசி, சீனி, பருப்பு ஆகியவற்றை மூடையாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டோம். மிச்சம் இருந்தது; அதில் ஐயமில்லை. நாட்கூலிக்குத் துப்புரவு வேலை செய்துவந்த அம்மையார் ஒருவர் எம்முடன் நின்று மூடைகளைப் பிரித்தார், தராசு பிடித்தார். ஆயின் அவருக்கு அதிலே பங்கில்லை. மாதத்துக்குரிய பணத்தை முன்கூட்டியே கட்ட அவரால் இயலவில்லை. மாலையில் சந்திக் கடையில் அதே அரிசியை அரைக் கிலோவாக அவர் வாங்கிச் சென்றார். எங்களுள் மிகக் குறைந்த வருமானமுடையவரே அரிசிக்கு மிகக் கூடிய விலை கொடுத்தார்.

கணக்கு எளியது. 25 கிலோ அரிசி மூடை 5000 ரூபா என்றும், சில்லறையாக ஒரு கிலோ 210 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். மூடையாக வாங்குபவருக்குக் கிலோவுக்கு 10 ரூபாவாக 250 ரூபா மிச்சம். ஆனால் கையிலே 5000 ரூபா இல்லாதவர் அதனை மாதம் நூற்றுக்கு 5 வட்டிக்குக் கடனாகப் பெற்றால், ஒரு மாத வட்டியே 250 ரூபா. மிச்சம் முழுவதும் வட்டிக்காரனிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. ஓலைக் கூரை ஒழுகும் வீட்டில் இரண்டு கிலோ பழுதானால் அங்கே மிச்சம் நட்டமாகவே மாறும். மொத்தக் கடை கைக்காசு கேட்கும். சந்திக் கடையோ கொப்பியில் எழுதிக்கொண்டு கடன் தரும். ஆகவே அன்றாடங்காய்ச்சி சந்திக் கடைக்குப் போவது அறியாமையால் அன்று. வேறு வழி இல்லாமையால். மிச்சத்தைத் தருவது மூடையன்று. மூடைக்கு முன்னே கையில் இருக்கும் முதலே.

முதல் இல்லாதவர் மொத்தமாக வாங்குவது எவ்வாறு? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியிலுள்ள றொச்டேல் என்னும் நெசவு நகரத்துத் தொழிலாளர் இவ்வினாவுக்குத் தாமே ஒரு விடை கண்டனர். தொழிலாளரிடம் கூலிக்குப் பதிலாகச் சாமான்களைத் திணிக்கும் முதலாளிமாரின் வழக்கத்தை 1831ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. ஆயினும் கடனும் கலப்படமும் தொழிலாளரை விட்டகலவில்லை. மாவிலே படிகாரத்தைக் கலந்தனர். ஒருமுறை காய்ச்சிய தேயிலையை உலர்த்தி மீண்டும் விற்றனர். கடன் வாங்கியவன் கலப்படத்தைக் கண்டும் வாய் திறக்க முடியாது. கடையை மாற்றவும் முடியாது. இந்நிலையில் 28 பேர் வாரந்தோறும் சில பென்ஸ்களைச் சேமித்து, ஆளுக்கு 1 பவுணாக 28 பவுண் முதல் திரட்டி, 1844ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சீனி, மா, ஓற்ஸ், மெழுகுதிரி என்னும் ஐந்தே பொருள்கள் அங்கு இருந்தன. சில மாதங்களிலே தேயிலையும் புகையிலையும் சேர்ந்தன.

அவர்களுடைய விதிகளே நம் கவனத்துக்குரியவை. கலப்படமற்ற பொருள், சரியான நிறை, கைக்காசு வியாபாரம், ஒருவருக்கு ஒரு வாக்கு என்பன அவை. விலையை அவர்கள் குறைக்கவில்லை, ஊர்விலைக்கே விற்றனர். இலாபத்தைக் காலாண்டுதோறும் கணக்கிட்டு, ஒவ்வொருவரும் வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பங்கிட்டனர். போட்ட முதலுக்கு அளவான வட்டி மட்டுமே கிடைத்தது. அதாவது, மொத்தக் கொள்வனவின் மிச்சம் முதலைத் தேடிப் போகாமல், உண்பவரைத் தேடிப் போயிற்று. 1863இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் ஒன்றுகூடி மன்செஸ்ரரில் தமக்கென ஒரு மொத்த விற்பனைச் சங்கத்தையும் நிறுவின. ஏழைகள் தனித்தனியே சில்லறையாக வாழ்ந்தும், கூட்டாக மொத்த வியாபாரிகள் ஆயினர்.

இந்த வரலாற்றைப் போற்றுவோர் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுவர். நாம் அப்படி நிறுத்துவதற்கில்லை. ஏனெனில் அந்தத் தொழிலாளர் குடித்த தேநீருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிய, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில, ஸ்கொத்லாந்துக் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கங்கள் தரகரை விலக்கித் தேயிலையைப் பெறும் நோக்கத்துடன் இலங்கையிலே தோட்டங்களைத் தாமே விலைக்கு வாங்கின. மன்செஸ்ரர்த் தொழிலாளியின் மலிவுத் தேயிலையை இங்கே கொய்தவர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். அவர்களுக்கு அச்சங்கத்திலே பங்கும் இல்லை, வாக்கும் இல்லை. வாங்குபவரின் ஒற்றுமை, விளைவிப்பவரைத் தன்னுள் சேர்க்காதபோது, ஒருவரின் மிச்சம் மற்றொருவரின் கூலியிலிருந்து வருவதாகிவிடுகின்றது.

மலையகத் தோட்டங்களில் அரிசி எவ்வாறு வாங்கப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். அங்கே மொத்தக் கொள்வனவு நூறாண்டுக்கு முன்பே இருந்தது. தோட்ட நிருவாகம் அரிசியை மூடை மூடையாகத் தருவித்து, தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, விலையைக் கூலியிலே கழித்துக்கொண்டது. பெரிய கங்காணியிடம் பெற்ற முற்பணமும் அந்தக் கணக்கோடு சேர்ந்தது. கடன் தீர்ந்ததைக் காட்டும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது என்னும் நிலை 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நீடித்தது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. 1929இல் உயர்மலைப் பகுதியில் ஆணின் நாட்கூலி 54 சதம். தோட்டத்து அரிசி புசல் 6 ரூபா 40 சதம். ஒரு புசலுக்கு 32 கொத்து ஆகையால், கொத்து 20 சதம். மலையேறி நாள் முழுதும் உழைத்தவனின் கூலி மூன்று கொத்து அரிசிக்குக் கூடப் போதவில்லை.

அடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அரிசி விலை வீழ்ந்தது. தோட்டத்து விலை புசலுக்கு 4 ரூபா 80 சதமாக இறங்கிற்று. ஆனால் அரிசி விலையோடு சேர்த்துக் கூலியும் குறைக்கப்பட்டது. அரிசி மலிந்ததன் பயன் தொழிலாளியின் அடுக்களையை அடையாமல், தோட்டத்தின் செலவுக் கணக்கிலே கரைந்தது. மொத்தமாக வாங்கியவர் நிருவாகம், உண்டவர் தொழிலாளி, மிச்சமோ வாங்கியவருடையது. றொச்டேலுக்கும் தோட்டத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு மூடையின் பருமனில் இல்லை. மூடை யாருடையது என்பதிலே உள்ளது.

இலங்கையின் பொதுமக்கள் மொத்தக் கொள்வனவைத் தமதாக்கிக்கொண்டது ஒரு பேரிடரின்போது. கூட்டுறவுச் சட்டம் இங்கே 1911இலேயே வந்துவிட்டது. ஆயின் அது கடனுதவிச் சங்கங்களுக்கே உரியதாயிருந்தது. ஏனைய சங்கங்களுக்கு 1921இலே இடம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 மார்ச்சில், ரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. நாம் உண்ட அரிசியில் பெரும் பகுதி பர்மாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஏப்பிரில் 5ஆம் நாள் கொழும்பிலே குண்டு விழுந்தது. வியாபாரிகள் பொருளைப் பதுக்கினர். பங்கீடு வந்தது, பங்கீட்டை நேர்மையாகப் பகிர நம்பத்தக்க கடைகள் வேண்டியிருந்தன. போருக்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த கூட்டுறவுப் பண்டகசாலைகள், 1945 அளவில் ஏறத்தாழ 4000 ஆகப் பெருகின. ‘சங்கக் கடை’ என்னும் சொல் ஊர்தோறும் வழங்கத் தொடங்கியது அக்காலத்திலேதான். ஏழைக்கும் பணக்காரனுக்கும் கூப்பன் ஒன்றே, கொத்தும் ஒன்றே. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையமும் நிலைபெற்றது.

அரசு நாட்டுக்காக மொத்தமாக வாங்கும்போது அந்த மிச்சம் தமக்குரியது என்பதை மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். 1952இல் சீனத்துடன் செய்த றப்பர்-அரிசி ஒப்பந்தம் அத்தகைய ஒரு கொள்வனவே. ஆனால் 1953 யூலையில் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ற் 12ஆம் நாள் நாடு கண்ட ஹர்த்தாலையும், அதன் பின் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகியதையும் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு கொத்து அரிசியின் விலை அடுக்களைக்குள் அடங்கும் விடயமன்று என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் நடந்தது தளர்ச்சியின் கதை. 1957இல் உணவு அமைச்சர் பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களோடு இணைக்கப்பட்டன. நிருவாகம் பெருத்தது, அங்கத்தவன் தூரத்தே போனான். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 1979இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. வடக்கிலே போர்க்காலத்தில் நிவாரணப் பொருள் பகிர்ந்த பெருமை சங்கக் கடைகளுக்கு உண்டு. எனினும் பல சங்கங்களில் நிறைக்குறைவும் கணக்குப் பிசகும் நிகழ்ந்தன என்பதை மறைத்துப் பயனில்லை. அரசைக் குறை கூறுவது எளிது. பொதுக்கூட்டத்துக்குப் போகாதவர் யார்? ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்காதவர் யார்? படித்த நாமே அல்லவா? சாமான் வந்த நாளில் மட்டும் சங்கத்தை நினைத்தோம். கணக்கு வாசித்த நாளில் வீட்டிலே இருந்தோம்.

இன்று பெருநகர அங்காடிகள் ‘இரண்டு வாங்கினால் கழிவு’ என்கின்றன. கழிவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது இரண்டு வாங்கக்கூடியவருக்கே உரியது. ஒன்றே வாங்குபவருக்கு அக்கழிவு இல்லை. ஆகவே மொத்தமாக வாங்குவதால் மிச்சம் உண்டா என்ற வினாவுக்கு நாம் கண்ட விடை இதுவே: உண்டு, ஆனால் முதல் உள்ளவருக்கு அது தானே வரும், முதல் இல்லாதவருக்குக் கூடி நின்றாலன்றி வாராது, கூடி நின்றாலும், கணக்கு அவர்கள் கையில் இல்லையேல் நிலையாது.

எமது பாடசாலைக்கு மீள்வோம். இரண்டாம் மாதத்திலே ஆசிரியர் ஒருவர் ஒரு யோசனை கூறினார். முதல் மாதத்து மிச்சத்தைப் பங்கிட்டுச் செலவிடாமல் பொதுவிலே வைத்து, அந்த அம்மையாரின் பங்குக்குரிய பணத்தை அதிலிருந்து முதலில் கட்டுவது. அவர் அதனை வாரந்தோறும் திருப்பித் தருவது. சிலர் தயங்கினர், கடைசியில் எல்லோரும் இணங்கினோம். அவர் ஒரு வாரமும் தவறவில்லை. நான்காம் மாதம் அவரே ஒரு கேள்வி கேட்டார்: “சேர், கணக்குக் கொப்பியை நானும் ஒருக்காப் பார்க்கலாமோ?” அன்றுவரை அதனை அவரிடம் காட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரிசியிலே பங்கு கொடுத்த நாம், கணக்கிலே பங்கு கொடுக்க மறந்திருந்தோம். அன்றிலிருந்து மாத முடிவில் கணக்கை எல்லோர் முன்னும் உரக்க வாசித்தோம்.